லிட்டரும் டிகிரியும்: வடசென்னையில் திரவங்கள் விரியும் கதை

(ராயபுரத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இவ்வாண்டுச் சொற்பொழிவின் பொருளுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த அரங்கிலிருந்து கிழக்கே கடல், தெற்கே துறைமுகம், வடக்கே எண்ணூர் வரை எண்ணெய்த் தொட்டிகள். நடுவில் ஓடும் குழாய்களும் லாரிகளும் டேங்க் வேகன்களும் ஒரே ஓர் இயற்பியல் விதியோடு அன்றாடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. சூடேறினால் திரவம் விரியும். அதை ஏந்தியிருக்கும் கலனும் விரியும். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை.

சென்னைத் துறைமுகத்தின் பாரதி கப்பல்துறையில் கச்சா எண்ணெய்க் கப்பல் ஒன்று ஒரு லட்சம் டன் சரக்கோடு நிற்பதாகக் கொள்வோம். நடுத்தரக் கச்சா எண்ணெய் என்றால் அது ஏறத்தாழ 1,16,000 கன மீட்டர். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் கச்சா எண்ணெய் பத்தாயிரத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேல் விரியும். சொல்லும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. கணக்குப் போட்டால் 96,000 லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் எட்டு லோடு. கப்பலின் தொட்டிக்குள் வெப்பநிலை பார்க்கிறவர் ஒரே ஒரு டிகிரி தவறாகப் படித்தால் எட்டு லாரி எண்ணெய் தாளில் முளைக்கும், அல்லது காணாமற்போகும். எண்ணெய் ஒரு சொட்டும் கூடியிருக்காது, குறைந்திருக்காது.

இந்த வட்டாரத்துக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது தீப்பற்றி எரிந்தவை துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள்தாம். மணலியில் 1965இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியது. இன்று சிபிசிஎல் என்ற பெயரில் அதன் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன். இவ்வளவு திரவம் ஓரிடத்தில் சேரும்போது, பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற வெப்ப விரிவு, பணமாகவும் பாதுகாப்பாகவும் மாறிவிடுகிறது.

முதலில் இறங்கி, பிறகு ஏறும் நீர்

அடிப்படையைச் சமையலறையிலேயே பார்க்கலாம். 10 லிட்டர் பிடிக்கும் அலுமினிய குண்டானில் விளிம்பு தட்ட நீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினால், கொதி வருவதற்கு முன்பே நீர் வழியும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகையில் அந்த நீர் கிட்டத்தட்ட 390 மில்லிலிட்டர் பெருகுகிறது. அதே நேரம் குண்டானும் பெருத்து, 48 மில்லிலிட்டர் அதிகம் கொள்ளக்கூடியதாகிறது. வழிவது மீதி 340 மில்லிலிட்டர். பால் பொங்குவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நீராவிக் குமிழிகளைப் பாலாடை பிடித்து நிறுத்துவதால் எழும் நுரை, வேறு கதை.

கலன் சூடானால் சுவர் உள்பக்கமாகவும் தடித்து, உள்ளிடம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. பட்டையைத் தீயில் காய்ச்சினால் வளையத்தின் உள்வட்டமே பெரிதாகி, மரச்சக்கரத்தின் மேல் ஏறிவிடுகிறது. ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இரும்புத் தொட்டியின் உள்ளிடமும் அப்படித்தான், அந்த இடம் முழுக்க இரும்பால் நிறைந்திருந்தால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரியும்.

ஆக, நம் கண்ணுக்குத் தெரியும் விரிவு எப்போதும் கழித்தல் கணக்கின் விடை. திரவத்தின் விரிவிலிருந்து கலனின் விரிவு போக மிஞ்சுவதைத் தோற்ற விரிவு என்றும், கலனையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிடைப்பதை உண்மை விரிவு என்றும் பாடநூல் பிரிக்கிறது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அக்காதெமியா தெல் சிமென்டோ என்ற ஆய்வுக் கழகம் 1667இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் இதன் வித்து இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குமிழில் நீரை நிரப்பி வெந்நீரில் முக்கினால், கழுத்தில் நீர்மட்டம் முதலில் சற்றே இறங்கி அப்புறம்தான் ஏறுகிறது. வெப்பம் முதலில் தொடுவது கண்ணாடியை. குமிழ் பெருத்துவிட்டது, உள்ளிருக்கும் நீருக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. எந்தப் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இன்றும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

கலனின் குறுக்கீடே இல்லாமல் திரவத்தை மட்டும் அளக்க முடியுமா? பிரெஞ்சு அறிவியலாளர்கள் துலாங்கும் பெட்டியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். ‘யு’ வடிவக் குழாயில் பாதரசம் ஊற்றி, ஒரு கையைப் பனிக்கட்டியிலும் மறு கையைச் சூட்டிலும் வைத்தார்கள். அடியில் இரு பக்க அழுத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். சூடான பக்கம் அடர்த்தி குறைந்திருப்பதால் உயரம் கூடுகிறது. உயரங்களை ஒப்பிட்டால் போதும், குழாய் எவ்வளவு அகன்றது என்ற கேள்வியே எழாது. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிக்குள் நடப்பதோ முன்பு சொன்ன கழித்தல்தான். பாதரசத்தின் விரிவில் ஏழில் ஒரு பங்கைக் கண்ணாடி விழுங்கிவிடுகிறது, மிச்சத்தை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

திரவங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஒரு லட்சம் லிட்டர் ஒரு டிகிரி சூடேறுவதாக எடுத்தால், நம்மூர் வெப்பநிலையில் நீர் சுமார் 30 லிட்டர் பெருகும், டீசல் 85, பெட்ரோல் 120, சமையல் எரிவாயுத் திரவம் 200 லிட்டருக்கும் மேல். அதே ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டியோ வெறும் 3.6 லிட்டர்தான் அகலும். இந்தப் பட்டியலில் உள்ள பள்ளத்தைச் சமாளிப்பதற்குத்தான் வடசென்னையில் இத்தனை ஏற்பாடு. கணக்கில் எழுதிச் சமாளிக்கலாம், கலனில் இடம் விட்டுச் சமாளிக்கலாம், வெளியேற வழி வைத்தும் சமாளிக்கலாம்.

கணக்கில் எழுதுவது

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை முனையங்களில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியின் சீட்டில் லிட்டர் இருக்கும், கூடவே அடர்த்தியும் இருக்கும். அந்த அடர்த்தி 15 டிகிரியில் எவ்வளவு என்று மாற்றி எழுதப்பட்டது. 15 டிகிரி என்பது சென்னை அநேகமாகப் பார்க்காத குளிர். நகரில் பதிவான உச்ச வெப்பம் 2003 மே இறுதியில் 45 டிகிரி. மிகக் குறைந்ததே 13.9 டிகிரி. ஆனாலும் உலக எண்ணெய் வணிகத்தில் பெரும்பகுதி 15 டிகிரியைப் பொது அடிப்படையாக வைத்திருப்பதால், கொளுத்தும் மே மாதத்திலும் இங்கே அதே அளவுகோல்.

பெட்ரோல் பங்கில் லாரி வந்து நின்றதும் டிப் ராடை இறக்கி உயரம் பார்க்கிறார்கள். ஜாடியில் மாதிரி எடுத்து, ஹைட்ரோமீட்டரையும் வெப்பமானியையும் மிதக்கவிட்டு, அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றுகிறார்கள். சீட்டில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும். வெப்பநிலையைக் கழித்துவிட்டால்தான் கலப்படம் தெரியும். மாற்றிக் கணக்கிடாமல் நேரடியாக ஒப்பிட்டால், ஐந்து டிகிரி வெயில் ஒன்றே பெட்ரோலின் அடர்த்தியை நாலரை கிலோ குறைத்துக் காட்டி, நல்ல சரக்கையும் கெட்டதாக்கிவிடும்.

12,000 லிட்டர் பெட்ரோல் முனையத்தில் 35 டிகிரியில் ஏறி, நிலத்தடித் தொட்டியில் 30 டிகிரிக்கு ஆறினால் 72 லிட்டர் குறையும். திருட்டும் இல்லை, கசிவும் இல்லை. எடை அப்படியே இருக்கிறது.

வாகன ஓட்டிகளிடையே உலவும் நம்பிக்கை ஒன்றை இங்கே சோதித்துவிடலாம். விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், அதே காசுக்கு அதிகம் கிடைக்கும் என்பார்கள். கோட்பாடு சரி, கணக்கு வேறு. பங்கின் தொட்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. மேலே பகல் முழுக்கக் காய்ந்தாலும் அந்த ஆழத்தில் ஒரு நாளுக்குள் வெப்பநிலை பெரிதாக அசையாது. தாராளமாக ஒரு டிகிரி மாறியது என்றே வைத்துக்கொண்டாலும், 5 லிட்டருக்கு 6 மில்லிலிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 60 காசு. அதைவிட, பங்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்வது பயனுள்ள காரியம். வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு.

அறுபது காசைவிடப் பெரிய தொகை சமையலறையில் நழுவியிருக்கிறது. கப்பல்களில் வந்திறங்கிக் கவர்களில் அடைபடும் சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை ஒரு விஷயத்தைக் கவனித்தது. சில தயாரிப்பாளர்கள் கவரில் அளவை அச்சிடும்போது பக்கத்திலேயே 60 டிகிரி வரைகூட ஒரு வெப்பநிலையைக் குறிப்பிட்டார்கள். துறை தந்த கணக்குப்படி ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். அதாவது சூடான லிட்டரை விற்றால் 26 கிராம் மிச்சம். எந்தக் கடையின் அலமாரியும் 60 டிகிரியில் இருப்பதில்லை. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிட வேண்டும், எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று அந்த ஆண்டு அறிவுறுத்தி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது அரசு. இன்று கவரில் மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் கிராம் இருப்பதைப் பார்த்தால், அது வெப்ப விரிவுக்கு எதிராகப் போட்ட வேலி என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இடம் விடுவது

டேங்கர் லாரியை வாய்வரை நிரப்புவதில்லை. பெட்ரோல் லாரியில் கொள்ளளவில் ஏறத்தாழ 3 சதவீதம் காலியாக விடுவது வழக்கம். அந்த மூன்று எங்கிருந்து வந்தது? பெட்ரோல் டிகிரிக்கு 0.12 சதவீதம் விரிகிறது. 25 டிகிரி ஏறினால் 3 சதவீதம். 30 டிகிரியில் ஏற்றிய சரக்கு 55 டிகிரி வரை சூடானாலும் லாரிக்குள்ளேயே இடம் இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் லாரிக்கு இந்தக் காலியிடம் எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

சமையல் எரிவாயுவில் விரிவு இன்னும் தீவிரம். வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் அடைப்பது 14.2 கிலோ, சாதாரண வெப்பநிலையில் அது சுமார் 26 லிட்டர் திரவம். 50 டிகிரி வெயில் பட்டாலும் 28 லிட்டரைச் சுற்றியே நிற்கும், மேலே ஐந்து லிட்டர் ஆவிக்கு. அந்த ஆவிதான் மெத்தை, எளிதில் அமுங்கும். சிலிண்டரை முழுக்கத் திரவத்தால் நிரப்பிவிட்டால் அமுங்குவதற்கு எதுவும் இல்லை. சமையல் எரிவாயுவை ஏன் லிட்டரில் விற்காமல் கிலோவில் விற்கிறார்கள் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. இவ்வளவு விரியும் பொருளுக்கு லிட்டர் நிலையான அளவு ஆகாது. தராசுக்கு வெயில் தெரியாது.

இடம் விடாததன் விலையை 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயின் கண்டது. லாஸ் அல்ஃபாக்கேஸ் என்ற கடலோர முகாமை ஒட்டிய சாலையில், திரவ புரொப்பிலீன் ஏற்றிச் சென்ற லாரி வெடித்தது. 19 டன் அளவில் ஏற்ற வேண்டிய தொட்டியில் 23 டன்னுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வும் அதில் கிடையாது. கோடை வெயிலில் திரவம் விரிந்து தொட்டியை முழுக்க அடைத்துக்கொண்டதே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் உட்பட 217 பேர் இறந்தார்கள். அத்திப்பட்டுப் பக்கத்து எரிவாயு முனையங்களிலிருந்து புறப்படும் ஒவ்வொரு புல்லட் டேங்கரும் எடை மேடையில் ஏறி இறங்கிய பிறகே வாசலைத் தாண்டுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

அமைதியாக இதே வேலையைச் செய்யும் கருவி நம் தெருமுனையிலேயே நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் உச்சியில் படுக்கை வாக்கில் ஒரு சிறு உருளை தெரியும், மின்வாரியத்தார் கன்சர்வேட்டர் என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குள் 1,000 லிட்டர் எண்ணெய் இருந்து, கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது அது 60 டிகிரி சூடேறினால், 45 லிட்டர் பெருகும். பெருகியது மேலுள்ள உருளைக்கு ஏறும், விடிந்து சுமை குறைந்ததும் இறங்கும். எண்ணெய் ஏறி இறங்க உருளை மூச்சு விட வேண்டும். ராயபுரத்தின் கடற்காற்றை அப்படியே இழுத்தால் ஈரம் எண்ணெயில் கலக்கும் என்பதால், காற்று நுழையும் வாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிய ஒரு குடுவை தொங்குகிறது. நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வழி வைப்பது

துறைமுகத்திலிருந்து மணலிக்கும், மணலியிலிருந்து முனையங்களுக்கும் போகும் குழாய்களில் காலியிடம் விட முடியாது. குழாய் எப்போதும் திரவத்தால் நிறைந்தே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தொல்லையில்லை. பம்பை நிறுத்தி இரண்டு முனையிலும் வால்வை மூடிவிட்டு, தரைக்கு மேலே வெயிலில் கிடக்கும் துண்டை நினைத்துப் பாருங்கள். டீசல் விரியப் பார்க்கிறது. இரும்புக் குழாய் அந்த விரிவில் இருபதில் ஒரு பங்குக்குக்கூட இடம் கொடுப்பதில்லை. திரவமோ அமுங்க மறுக்கிறது. விளைவாக ஒரே ஒரு டிகிரிக்கு 8 முதல் 10 பார் வரை அழுத்தம் ஏறும். லாரி டயரில் உள்ள காற்றழுத்தத்துக்கு இணையானது அது. முனையங்களில் பரவலாக உள்ள ஃபிளாஞ்ச் இணைப்புகளின் தாங்கு திறன் 20 பாருக்குள்தான். காலை ஒன்பது மணிக்கு மூடிய வால்வு, பத்து மணிக்குள் அந்த எல்லையை எட்டிவிடலாம்.

இதற்கான மருந்து கையடக்கமானது. தெர்மல் ரிலீஃப் வால்வு என்ற சிறிய வால்வைக் குழாயின் ஒவ்வொரு அடைபடும் துண்டிலும் வைத்து, தொட்டிக்கு ஒரு வழி கொடுத்திருப்பார்கள். சில லிட்டர் வெளியேறினாலே அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். பெரிய குழாயில் சுண்டுவிரல் கனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கிளையைப் பார்க்கும் புதிய பொறியியல் மாணவர் பெரும்பாலும் அதைக் கவனிப்பதே இல்லை. அனுபவமுள்ள ஆபரேட்டர் முதலில் பார்ப்பது அதன் தடுப்பு வால்வு திறந்திருக்கிறதா என்றுதான்.

குழாயும் தன் பங்குக்கு நீளுகிறது. 100 மீட்டர் இரும்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நீளும். மணலியில் குழாய் வரிசைகள் நேராகப் போய்க்கொண்டே திடீரென்று ‘ப’ வடிவில் வளைந்து மீண்டும் நேராவது அதற்காகத்தான்.

எண்ணூரில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட எல்என்ஜி முனையத்தில், தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள் உள்ளன. உள்ளே இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கிடக்கிறது. சாதாரண எஃகு அந்தக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், இவ்வகைத் தொட்டிகளின் உட்கலனை 9 சதவீதம் நிக்கல் கலந்த எஃகால் செய்வார்கள். 80 மீட்டர் விட்டமுள்ள ஒரு உட்கலன் என்று கொண்டால், நம்மூர் வெப்பநிலையிலிருந்து அந்தக் குளிருக்குப் போகையில் விட்டம் 14 சென்டிமீட்டர் சுருங்கும். வெளியே உள்ள கான்கிரீட் சுவரோ வெயிலில் நிற்கிறது, சுருங்காது. இடைவெளியில் வெப்பக்காப்புக்காகக் கொட்டியிருக்கும் பெர்லைட் துகள் சரிந்து இறுகிவிடாமல் இருக்க, உட்கலனைச் சுற்றிக் கண்ணாடி இழைப் போர்வை போர்த்தியிருப்பார்கள். கலன் சுருங்கும்போது போர்வை விரிந்து இடத்தை நிரப்பும். முதன்முறை தொட்டியைக் குளிரவைக்கும்போது அவசரப்பட்டால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் பற்றவைப்புகள் விண்டுபோகும். அதனால் சிறிதளவு திரவத்தை மட்டும் மேலிருந்து தெளித்து, ஒவ்வொரு டிகிரியாகக் கண்காணித்துக்கொண்டே இறக்குவார்கள்.

அகலாத கலன்

கடைசியாக, இந்த அரங்கிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய மிகப் பெரிய திரவம். கடலும் சூடேறினால் விரிகிறது. புவி வெப்பமாதலில் சேரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1971க்குப் பிந்தைய உயர்வில் பாதி, பனி உருகி வந்த நீரால் ஏற்பட்டதல்ல. இருக்கும் நீரே விரிந்ததால் வந்தது. வங்கக் கடலின் மேற்பரப்புபோன்ற வெதுவெதுப்பான நீர், துருவக் கடலின் குளிர்ந்த நீரைவிடப் பல மடங்கு விரியக்கூடியது. 100 மீட்டர் ஆழத்துக்கு அந்த நீர் ஒரு டிகிரி சூடேறினால் மட்டம் 3 சென்டிமீட்டர் எழும். குண்டான் அகன்றதுபோல் கடற்படுகை அகன்று கொடுப்பதில்லை.

ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் தின்றதற்கு இதைக் காரணம் காட்டினால் தவறு. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம், தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வராத கரை அரித்துப்போய், கருங்கல் கொட்டிச் சுவர் போட வேண்டியதாயிற்று. குப்பங்கள் இழந்த நிலத்துக்கு முதற்காரணம் அந்தத் தடுப்புதான். நீரின் விரிவு அதன்மேல் மெதுவாக, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

கடல்மட்ட உயர்வை அளப்பதிலும் பழைய கழித்தல் வந்து நிற்கிறது. துறைமுகத்தில் உள்ள ஓத அளவி கரையோடு பிணைக்கப்பட்டது. கரையே தாழ்ந்தாலும் அது கடல் உயர்ந்ததாகவே காட்டும். 1992இல் டோபெக்ஸ்–பொசைடன் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகுதான் நிலத்தைச் சாராமல் கடல்மட்டத்தைத் தொடர்ந்து அளக்க முடிந்தது. காசிமேட்டில் மீன் இறக்கும் மேடைக்கோ எண்ணூரில் கப்பல் கட்டும் தளத்துக்கோ உயரம் குறிக்கும் பொறியாளர், உச்ச ஓதத்துக்கும் புயல் அலைக்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுவது வழக்கம். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டுமானம் என்றால், லாரியின் 3 சதவீதத்தைப் போல, கடல் விரிவுக்கும் அந்தக் கணக்கில் தனியே ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.